நெட்டுக்கு வந்தால் வாலி கெட்டுப்போகிறது, எதை முதலில் திருத்துவது?

காட்பாடி டபுள்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடி பக்கம் ஒரு சிமெண்ட் கோர்ட்டில் காலையில் டபுள்ஸ் ஆடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். வலது கை. கல்லூரி நாளெல்லாம் ஷட்டில்தான் ஆடினேன், டென்னிஸுக்கு வந்தது அப்புறம்தான். பேஸ்லைனில், அதாவது கோர்ட்டின் பின்கோட்டில், நின்றால் ஓரளவு சமாளித்துவிடுவேன், சர்வீஸும் பரவாயில்லை. நெட்டுக்கு வந்து நின்று வாலி அடிப்பதில்தான், அதாவது பந்து தரையில் விழுவதற்கு முன்பே அடிப்பதில்தான், சிக்கல். எதிர் ஜோடிக்கும் இது தெரிந்துவிட்டதால் பந்தை என் பக்கமே அனுப்புகிறார்கள்.

வேகமாக வருகிற பந்துக்கு மட்டையை நீட்டினால் சில நேரம் அதுவே நன்றாகப் போய் விழுந்துவிடுகிறது. நெஞ்சு உயரத்தில் மெதுவாக மிதந்து வருகிற பந்து, அதாவது யாரும் அடித்துவிடக்கூடிய பந்து, அதுதான் எனக்கு வலையில் முட்டுகிறது, இல்லையென்றால் பின்வேலிக்குப் போகிறது. பேக்ஹேண்ட் பக்கம் வந்தால் வேறு மாதிரி: பந்து மேலே எழும்பி, எதிராளிக்கு ஸ்மாஷ் அடிக்க வசதியாகப் போய் நிற்கிறது. காலடியில் விழுகிற பந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஃபோர்ஹேண்ட் அடிக்கிற அதே செமி வெஸ்டர்ன் பிடியில்தான் வாலியும் அடிக்கிறேன். அதை மாற்ற வேண்டுமா, நெட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், தனியாகப் பழக ஏதாவது வழி இருக்கிறதா? இங்கே கோச் கிடையாது. தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாகாயம் பேக்ஹேண்ட்

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. வேகமான பந்து நன்றாகப் போகிறது, மெதுவான பந்து கெடுகிறது என்கிறீர்கள். வேகமான பந்துக்கு மட்டையைப் பின்னால் இழுக்க நேரம் கிடைப்பதில்லை, அதனால் கை தானாகவே சரியானதைச் செய்துவிடுகிறது. மெதுவாக வருகிற பந்துக்கு நேரம் நிறைய இருக்கிறது, உடனே கை பின்னால் போகிறது, மணிக்கட்டு சுண்டுகிறது. அது ஷட்டில் ஆடிய கை. ஷட்டிலில் இறகுப் பந்து ஐந்து கிராம்தான், மட்டையும் நூறு கிராமுக்குள், அங்கே மணிக்கட்டைச் சுண்டினால்தான் வேகம் வரும். டென்னிஸ் பந்து 56 கிராமுக்கு மேல், மட்டை பெரும்பாலும் 300 கிராமைச் சுற்றி. இதை மணிக்கட்டால் சுண்டினால் மட்டையின் முகம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாலிக்கு வேண்டிய வேகம் வருகிற பந்திலேயே இருக்கிறது, கூடுதலாக வேண்டியது உங்கள் காலிலிருந்தும் தோளிலிருந்தும் வரட்டும்.

பிடியைக் கட்டாயம் மாற்றுங்கள். கான்டினென்டல் கிரிப். மட்டையின் கைப்பிடிக்கு எட்டுப் பட்டை உண்டு. மட்டையைச் செங்குத்தாக, விளிம்பு தரையைப் பார்க்கும்படி பிடித்தால் மேலே தெரிகிற பட்டை ஒன்று, அதற்கு வலப்பக்கம் சரிந்திருப்பது இரண்டு. ஆள்காட்டி விரலின் அடிக்கணு அந்த இரண்டாவது பட்டையில் உட்கார வேண்டும். சுத்தியலைப் பிடித்து ஆணி அடிப்பது போல மட்டையின் விளிம்பால் அடிக்க முடிந்தால் பிடி சரி என்று அர்த்தம். இடது கைக்காரர்களுக்கு இதே கணக்கு மறுபக்கம்.

செமி வெஸ்டர்ன் பிடியில் கை கைப்பிடிக்குக் கீழே போய்விடுகிறது. அதே பிடியில் முன்னால் நீட்டினால் ஃபோர்ஹேண்ட் பக்கம் மட்டையின் முகம் தரையைப் பார்க்கும், பேக்ஹேண்ட் பக்கம் வானத்தைப் பார்க்கும். உங்கள் ஃபோர்ஹேண்ட் வலையில் முட்டுவதும் பேக்ஹேண்ட் எழும்பிப் போவதும் இரண்டு தனித்தனி வியாதி இல்லை. கான்டினென்டலில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பிடி, நடுவில் மாற்றத் தேவையில்லை. நெட்டில் மாற்ற நேரமும் கிடையாது: எதிர் பேஸ்லைனிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிற பந்து நெட்டருகே நிற்கிற உங்களிடம் வந்து சேர அரை நொடிதான் ஆகும்.

இன்னொன்று, இறுக்கிப் பிடிக்காதீர்கள். காத்திருக்கும்போது கை தளர்வாக இருக்கட்டும், பந்து படுகிற அந்தக் கணத்தில் மட்டும், அதுவும் கடைசி மூன்று விரல்களால், இறுக்கினால் போதும். நம் ஊர் வெயிலில் கை வியர்த்துக் கைப்பிடி வழுக்கும், வழுக்கினால் யாருக்கும் இறுக்கிப் பிடிக்கத்தான் தோன்றும். அதனால் ஓவர்கிரிப்பை, அதாவது கைப்பிடி மேல் சுற்றுகிற நாடாவை, அடிக்கடி மாற்றுங்கள், அது வீண் செலவு இல்லை.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். கோர்ட்டின் கம்பி வேலியில் முதுகு ஒட்டும்படி நில்லுங்கள். யாராவது எட்டுப் பத்தடி தள்ளி நின்று கையால் பந்து போடட்டும். மட்டை பின்னால் போனால் வேலியில் டங்கென்று அடிக்கும். சத்தம் கேட்காமல் பந்தைத் திருப்பி அவர் கைக்கே அனுப்ப வேண்டும். ஒரு காலை முன்னால் எடுத்து வைத்துத் தொடுங்கள், ஃபோர்ஹேண்டுக்கு இடது கால், பேக்ஹேண்டுக்கு வலது கால். சின்னப் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் தொடங்கி வைக்கிறேன். ஷட்டில் கை மறப்பதற்கு இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

ராணிப்பேட்டை லெஃப்டி

அண்ணன் சொன்ன பிடி விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கையை மட்டும் பார்த்தால் பாதிதான் தீரும் என்பது என் எண்ணம். காலடியில் விழுகிற பந்து என்றீர்களே, அது பெரும்பாலும் கையின் குறையே கிடையாது, நிற்கிற இடத்தின் குறை.

நெட்டிலிருந்து சர்வீஸ் லைன், அதாவது சர்வீஸ் விழ வேண்டிய கட்டமான சர்வீஸ் பாக்ஸின் பின்கோடு, 21 அடி. சர்வீஸ் லைனுக்கும் பேஸ்லைனுக்கும் நடுவில் நின்றால் எதிராளி என்ன அடித்தாலும் அது உங்கள் காலருகே வந்துதான் இறங்கும், யார் நின்றாலும் அப்படித்தான். உங்கள் பார்ட்னர் சர்வ் போடும்போது நெட்டிலிருந்து எட்டு முதல் பத்து அடி, சர்வீஸ் பாக்ஸின் நடுவாக்கில் நில்லுங்கள். டிராம் லைனை, அதாவது டபுள்ஸுக்கான பக்கவாட்டு ஓரத்தை, காப்பாற்றுகிறேன் என்று ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கிறவர்களைத்தான் நம் கோர்ட்டுகளில் அதிகம் பார்க்கிறேன். டிராம் லைனில் எப்போதாவது ஒரு பந்து கடந்து போனால் போகட்டும், நடுவில் வருகிற பத்துப் பந்து உங்களுக்குக் கிடைக்கும். பார்ட்னர் ரிட்டர்ன் எடுக்கும்போது சர்வீஸ் லைன் மேலேயே நின்று, ரிட்டர்ன் எதிர் நெட் ஆளைத் தாண்டிப் போய்விட்டது என்று தெரிந்த பிறகு முன்னேறுங்கள்.

அப்புறம் ஸ்ப்ளிட் ஸ்டெப். இதைச் செய்யாதவரின் வாலியைப் பிடியால் காப்பாற்ற முடியாது. எதிராளி மட்டையை முன்னால் கொண்டுவரத் தொடங்கும்போது நீங்கள் லேசாக எழும்ப வேண்டும், உயரக் குதிப்பது இல்லை, பாதம் தரையை விட்டுக் கிளம்பினால் போதும். பந்து அவர் மட்டையை விட்டு வருகிற நேரத்தில் இரண்டு காலும் தோளகலத்துக்கு விரிந்து, முன்பாதத்தில் எடை இறங்கியிருக்க வேண்டும். அங்கிருந்துதான் வலமோ இடமோ போக முடியும். ஓடிக்கொண்டே இருக்கும்போது எதிராளி அடித்துவிட்டால் உங்கள் உடம்பு முன்னால் போகும், பந்து பக்கத்தில் போகும். சர்வ் போட்டுவிட்டு நெட்டுக்கு ஓடி வருகிறவர்கள் எங்கே இருந்தாலும் சரி, எதிராளி அடிக்கிற நேரத்தில் நின்றாக வேண்டும். பெரும்பாலும் அது சர்வீஸ் லைன் பக்கம்தான் வரும், முதல் வாலியை அங்கே எடுத்து ஆழமாக அனுப்பிவிட்டு இரண்டாவதற்கு நெருங்குவது.

நீங்கள் தவறவிடுகிற அந்த மெதுவான நெஞ்சுயரப் பந்துக்கும் கால்தான் மருந்து. அது வரட்டும் என்று நிற்காதீர்கள். பந்து மிதக்கிறது என்று தெரிந்ததும் இரண்டடி உள்ளே போய், அது இறங்குவதற்கு முன் தொடுங்கள். நெட்டுக்கு நெருக்கத்தில், உயரத்தில் தொட்டால் பலமே இல்லாமல் பாயிண்ட் கிடைக்கும்.

காட்பாடி டபுள்ஸ்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. வேலியில் முதுகு வைத்து ஆடிப் பார்த்தேன் அண்ணா, முதலில் டங் டங் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது, ஃபோர்ஹேண்ட் வாலி வலையைத் தாண்டுகிறது. பிடி மாற்றியதில் மேட்ச்சில் அவசரத்தில் பழைய பிடிக்கே கை போய்விடுகிறது. பேக்ஹேண்ட் முன்பு போல எழும்பவில்லை, ஆனால் பலமே இல்லாமல் நெட்டருகேயே விழுகிறது. உடம்புக்கு நேராக வேகமாக அடிக்கிறார்களே, அதற்கு ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று தெரியாமல் மட்டை சிக்கிக்கொள்கிறது. அதையும் யாராவது சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி ஸ்லைஸ்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மிக்ஸ்ட் டபுள்ஸில் நெட்டில் நிற்கிற பெண்ணைப் பார்த்து உடம்புக்கு நேராக அடிப்பது நம் பக்கம் வழக்கமாகவே ஆகிவிட்டது. அதை ஆடி ஆடித்தான் கற்றுக்கொண்டேன்.

உடம்புக்கு நேராக வருகிற பந்து எல்லாமே பேக்ஹேண்ட் என்று முடிவு செய்துவிடுங்கள். வலது இடுப்புக்கு வந்தாலும் பேக்ஹேண்ட்தான். ஃபோர்ஹேண்டுக்குப் போனால் முழங்கை விலாவில் இடித்து நின்றுவிடும், மட்டை பந்துக்கு வரவே வராது. பேக்ஹேண்ட் முகமாக வைத்தால் முழங்கையை வெளியே தூக்கிவிட்டு, மட்டையை வயிற்றுக்கு முன்னால் குறுக்கே கொண்டுவர இடம் இருக்கும். அதனால் காத்திருக்கும்போதே மட்டையின் தலை கொஞ்சம் பேக்ஹேண்ட் பக்கம் சாய்ந்திருக்கட்டும், இரண்டு முழங்கையும் விலாவை விட்டு முன்னால் இருக்கட்டும். மட்டையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு நிற்கிறவர்களுக்குத்தான் அடி விழுகிறது. பயம் இருந்தால் விளையாட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, கண் பத்திரமாக இருந்தால்தான் பந்தைப் பார்த்துக்கொண்டே ஆட முடியும்.

பேக்ஹேண்டில் பலம் வராததற்குக் காரணம் இடது கை. அது என்ன செய்கிறது என்று கவனித்தீர்களா? மட்டையின் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். பின்னால் கொண்டுபோவது இடது கையின் வேலை, வலது கை சும்மா கூடப் போகிறது. இடது கை இழுக்கும்போது தோளும் தானாகத் திரும்பும், வலது தோள் நெட்டைப் பார்க்கும். வலது காலை வைத்துத் தொடும் நேரத்தில் இடது கை விட்டுவிட்டுப் பின்பக்கம் போக வேண்டும், அப்போதுதான் உடம்பு முன்கூட்டியே நெட்டைப் பார்த்துத் திரும்பாமல் இருக்கும். உடம்பு திரும்பிவிட்டால் மட்டை பந்தைக் குறுக்கே வெட்டும், பந்து செத்து நெட்டருகே விழும். உங்களுக்கு நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு கை பேக்ஹேண்ட் அடிக்கிறவர்கள் வாலியையும் இரண்டு கையால் அடிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உயரமான பந்துக்குச் சரி, பலமும் வரும். ஆனால் எட்டுகிற தூரம் குறைகிறது, தாழ்வான பந்தில் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ஒற்றைக் கைக்கு இப்போதே பழகுவது நல்லது.

மேட்ச்சில் பிடி பழையபடி போவதற்கு ஒரு வழி: நெட்டுக்கு நடந்து போகும்போதே இடது கையால் மட்டையின் கழுத்தைப் பிடித்து வலது கையில் பட்டையைத் திருத்திக்கொள்ளுங்கள், பாயிண்ட் தொடங்கிய பிறகு இல்லை.

பாகாயம் பேக்ஹேண்ட்

அம்மா சொன்னது அத்தனையும் சரி. தாழ்ந்த வாலியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் அதைத்தான் வேகமாக அடிக்கப் பார்த்துக் கெடுக்கிறார்கள்.

நெட் நடுவில் 3 அடி, இரண்டு கம்பத்திலும் மூன்றரை அடி. அந்த உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்ட பந்தை நெட்டைத் தாண்ட வைக்க வேண்டுமானால் மேல்நோக்கித்தான் அனுப்ப வேண்டும். மேல்நோக்கிப் போகிற பந்தை பலமாக அடித்தால் அது வெளியேதான் போகும். ஆகவே தாழ்ந்த பந்தில் பாயிண்ட் எடுக்க நினைக்காதீர்கள். முழங்கால் மடங்க வேண்டும், இடுப்பு வளைந்து தலை கவிழ்வது உதவாது. பின்கால் முழங்கால் தரையைத் தொடப் போகிற அளவுக்கு இறங்கினாலும் நல்லதுதான். மட்டையின் தலை மணிக்கட்டுக்குக் கீழே தொங்கக்கூடாது, முகம் கொஞ்சம் திறந்திருக்கட்டும், நெட் தாழ்வாக இருக்கும் நடுப்பகுதி வழியாக ஆழமாக அனுப்பிவிட்டு அடுத்த பந்துக்குத் தயாராகுங்கள்.

நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். ஒரு வருடம் நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த வருடம் ராட் லேவரிடமும் தோற்றார், இருவருமே அந்தந்த வருடம் பட்டம் வென்றவர்கள். அவர் பலசாலி ஆட்டக்காரர் இல்லை, சர்வீஸும் பயமுறுத்தாது, தொடுகையால் ஆடியவர். வாலியில் பலம் முக்கியம் என்று யாராவது சொன்னால் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன். வீடியோ பார்க்க வேண்டும் என்றால் ஸ்டீஃபன் எட்பெர்க்கின் பேக்ஹேண்ட் வாலியைப் பாருங்கள், 1988, 1990 விம்பிள்டன் சாம்பியன், தோள் திரும்புவதும் இடது கை பின்னால் போவதும் பாடம் நடத்துவது போலத் தெரியும். டபுள்ஸுக்கு லியாண்டர் பயஸ். சென்னையில் பிரிட்டானியா அமிர்தராஜ் அகாடமியில் பயின்றவர், 1999இல் மகேஷ் பூபதியோடு பிரெஞ்சு ஓபனும் விம்பிள்டனும் வென்றார். பந்தைப் பார்க்காமல் அவருடைய காலை மட்டும் பாருங்கள், பார்ட்னர் அடிக்கும்போதெல்லாம் அவர் எங்கே நகர்கிறார் என்று.

குடியாத்தம் சுவர்

தனியாகப் பழகுவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ஒரு சுவர் இருந்தால் போதும். ஏழெட்டு அடி தள்ளி நின்று, பந்து தரையில் படாமல் சுவரில் மெல்லத் தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் ஃபோர்ஹேண்ட் மட்டும், அப்புறம் பேக்ஹேண்ட் மட்டும், கை பழகியதும் மாற்றி மாற்றி. வேகமாக அடித்தால் சுவரும் வேகமாகத் திருப்பும், நீங்கள் பின்னால் இழுத்தால் அடுத்த பந்துக்கு நேரம் இருக்காது, அதனால் வீச்சு தானாகச் சுருங்கிவிடும். கஷ்டமாக இருந்தால் கைப்பிடியில் இரண்டு அங்குலம் மேலே பிடித்துத் தொடங்குங்கள். புதுப் பந்து வேண்டாம், கொஞ்சம் தேய்ந்த பந்துதான் இதற்கு வசதி.

ஷட்டில் ஆடி வந்தவர்களுக்கு இன்னொன்று: மட்டையே இல்லாமல், பார்ட்னர் எறிகிற பந்தை உடம்புக்கு முன்னால் கை நீட்டி உள்ளங்கையால் பிடியுங்கள். பிடிக்கும்போது யாரும் கையைப் பின்னால் கொண்டுபோவதில்லை. அந்த இடத்தில்தான் மட்டையும் பந்தைத் தொட வேண்டும்.

மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது ஆடினால் பந்து வேறு மாதிரி இருக்கும். சூட்டில் பந்துக்குள் அழுத்தம் கூடி அதிகம் துள்ளும், காற்றும் லேசாகி பந்து வேகமாக வரும். காலையில் உள்ளே விழுந்த அதே வாலி ஒன்பது மணிக்கு மேல் வெளியே போகும். அப்போது கையை மாற்றாதீர்கள், குறியை மட்டும் கோட்டிலிருந்து இன்னும் உள்ளே கொண்டுவாருங்கள்.

காட்பாடி டபுள்ஸ்

அருமையான விவரங்கள். பக்கத்துத் தெருவில் ஒரு காம்பவுண்டு சுவர் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன். கடைசியாக ஒரு சந்தேகம். மிதந்து வந்த பந்தை நெட்டுக்கு மிக நெருக்கமாகப் போய் அடித்தேன், அடித்த வேகத்தில் மட்டை எதிர்ப்பக்கம் போய்விட்டது. பாயிண்ட் எங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரியா? அப்புறம் இப்போது நான் முன்னால் நிற்கத் தொடங்கியதும் தலைக்கு மேலே லாப் போடுகிறார்கள், அதாவது எனக்கு எட்டாதபடி பந்தை உயரத் தூக்கிப் பின்னால் அனுப்புகிறார்கள்.

ராணிப்பேட்டை லெஃப்டி

பந்து நெட்டைத் தாண்டி உங்கள் பக்கம் வந்த பிறகு தொட்டிருந்தால் பாயிண்ட் உங்களுடையது. தொட்ட பிறகு மட்டை நெட்டுக்கு மேலாக எதிர்ப்பக்கம் போகலாம், தப்பில்லை. பந்து இன்னும் எதிர்ப்பக்கம் இருக்கும்போதே எட்டிப் போய்த் தொட்டிருந்தால்தான் பாயிண்ட் போகும். ஆட்டம் நடக்கும்போது மட்டையோ உடம்போ சட்டை நுனியோ நெட்டைத் தொட்டாலும் போச்சு. இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: வெளியே போகிற பந்துதானே என்று தரையில் விழுவதற்கு முன் கையால் பிடித்தால் பாயிண்ட் எதிராளிக்கு, நீங்கள் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தாலும் அப்படித்தான். நம் பக்கம் இதில்தான் அதிகம் சண்டை வருகிறது.

லாப் போடுகிறார்கள் என்றால் உங்கள் வாலிக்கு மரியாதை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓரடி பின்னால் நில்லுங்கள், நெட்டை ஒட்டி நிற்கிறவருக்குத்தான் லாப் எளிது. தலைக்கு மேலே வந்தால் நேராகப் பின்னோக்கி நடக்காதீர்கள், விழுந்து கை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. உடனே பக்கவாட்டில் திரும்பி, காலைக் குறுக்கே போட்டுப் பின்னால் போங்கள், இடது கை பந்தைக் காட்டிக்கொண்டிருக்கட்டும். அதற்கும் எட்டாத லாபைப் பார்ட்னருக்கு விடுங்கள். அவர் குறுக்கே ஓடி எடுப்பார், நீங்கள் "ஸ்விட்ச்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அவர் காலி செய்த பக்கத்துக்கு மாறி, சர்வீஸ் லைன் வரை பின்வாங்கி நில்லுங்கள்.